கோப்பிக்குக் காவல் இருந்த கமரா! தெரியுமா?

லயத்தில் அலாரம் எதற்கு? ஒரு காம்பராவில் இருமினால் மூன்று காம்பராவுக்குக் கேட்கும்! இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கண்ணுக்குத் தப்பி யாரும் உள்ளே போக முடியாது. இப்போது தனிக்காணியில் தனித்தனி வீடுகள் எழும்புகின்றன. பெரியவர்கள் கொழுந்து மலையில், பிள்ளைகள் கொழும்பில். பகலெல்லாம் வீட்டில் பூட்டு மட்டும்தான்! காவலை நாமே பொருத்திக்கொள்ள முடியுமா? முடியும்!

வீட்டுக் கமராவைக் கண்டுபிடித்தவர் ஒரு தாதி! தெரியுமா?
நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுண்தான் அவர். கதவில் நான்கு துளைகள், அவற்றுக்கு நேராக ஏறி இறங்கும் கமரா, உள்ளே தொலைக்காட்சித் திரை, வெளியே நிற்பவரோடு பேச மைக்! 1966இல் விண்ணப்பித்தார், 1969 டிசெம்பரில் காப்புரிமை கிடைத்தது.

கதவு அலாரம் இலங்கைத் தேயிலைத் தொழிலை விட மூத்தது! தெரியுமா?
ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867இல். அதற்கு 14 ஆண்டுகள் முன்பே, கதவைத் திறந்தால் மணியடிக்கும் மின்கருவிக்கு அமெரிக்கரான அகஸ்டஸ் போப் காப்புரிமை வாங்கிவிட்டார்! இன்றைய கருவி தீப்பெட்டி அளவுதான். காந்தம் கதவில், சுவிட்ச் நிலையில். இரண்டும் விலகினால் சைரன் அலறும். பற்றரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் கவலையில்லை. ஒரு எச்சரிக்கை: மழைக்காலத்தில் மரக்கதவு ஊதும், இடைவெளி மாறும், சைரன் சும்மா கத்தும். அதனால் பொருத்தும்போதே இரண்டையும் நன்றாக நெருக்கி வையுங்கள்.

சிறுத்தையைப் படம் பிடிக்கும் கண் உங்கள் வாசலிலும் இருக்கலாம்! தெரியுமா?
மலையகச் சிறுத்தைகளை ஆராய்பவர்கள் மரத்தில் கட்டும் கமராவும், ஆள் வந்தால் தானாக எரியும் வாசல் விளக்கும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நகரும் உடலின் சூட்டைப் பிடிக்கின்றன! 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவின் குளிர் இதற்கு வாய்ப்பானது. சுற்றுப்புறம் குளிர்ந்திருக்கும்போது உடற்சூடு தெளிவாகத் தெரியும். ஏழடி உயரத்தில், ஆள் குறுக்கே நடக்கும் திசையில் பொருத்துங்கள். அடுப்பங்கரையைப் பார்த்து மட்டும் வைக்காதீர்கள்!

பனிமூட்டம் கமராவைக் குருடாக்கும்! தெரியுமா?
இரவுக் கமராவைச் சுற்றியுள்ள சிறு விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசும். மூட்டத்தின் நீர்த்துளிகளில் பட்டு அது திரும்பினால் திரை முழுக்க வெள்ளை! அந்தச் சிறு விளக்குகளை அணைத்துவிட்டு, நாலைந்து அடி தள்ளி வேறொரு விளக்கைப் போட்டுப் பாருங்கள், படம் தெளியும்.

உலகின் முதல் வெப்கமரா காவல் இருந்தது கோப்பிக்கு! தெரியுமா?
1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், எழுந்து போய்ப் பார்த்தால் கோப்பிப் பாத்திரம் காலியாக இருக்கிறதே என்று அலுத்தவர்கள் அதன்மேல் கமராவைத் திருப்பி வைத்தார்கள்!

கமராவே திருடனுக்குக் கூலியாள் ஆகலாம்! தெரியுமா?
2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல் எண்ணற்ற கமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. எப்படி? தொழிற்சாலை வைத்த கடவுச்சொல்லை உரிமையாளர்கள் மாற்றவே இல்லை! பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவதுதான்.

காவலென்று கட்டிய கம்பி உயிரைக் குடிக்கும்! தெரியுமா?
2020 மே மாதம் நல்லதண்ணியில், மரக்கறித் தோட்டத்துச் சுருக்கில் சிக்கிய அபூர்வமான கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்தது. வேலியில் சுருக்கோ மின்கம்பியோ வேண்டவே வேண்டாம். நாளை அதில் சிக்குவது பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

சைரன் எவ்வளவு கத்தினாலும் ஓடிவர ஆள் வேண்டுமே! லயத்தில் அது தானாகக் கிடைத்தது, தனிவீட்டில் நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். இன்றைக்கே ஒரு தாளில் பொலிஸின் 119, அம்புலன்ஸின் 1990, அதற்குக் கீழே பக்கத்து வீட்டு நம்பர் என மூன்றையும் எழுதிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். உங்கள் நம்பரையும் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.