எண்ணப்படும் மக்கள் – 9: பெயர் மறைத்த பயோடேட்டா

2018 ஜூலை 12 அன்று பிரான்ஸின் தேசியப் பேரவை, அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலிருந்து ‘இனம்’ என்ற சொல்லை நீக்க வாக்களித்தது. எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. பிறப்பிடம், இனம், மதம் என எந்த வேறுபாடும் பாராமல் குடிமக்கள் அனைவரும் சட்டத்தின் முன் சமம் என்று 1958 முதல் சொல்லிவரும் பிரிவு அது. மனிதரில் தனித்தனி இனங்கள் இல்லை. இல்லாத ஒன்றை நாட்டின் உச்ச சட்டம் பெயர் சொல்லி அழைப்பது அதற்கு உயிர் கொடுப்பதாகும் என்பது நீக்கச் சொன்னவர்களின் வாதம். அதே மாதம் வெடித்த வேறொரு அரசியல் சர்ச்சையில் திருத்த மசோதா முழுவதும் நின்றுபோனது. ஆகவே அந்தச் சொல் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

அமெரிக்கக் கணக்கெடுப்பில் இனக் கட்டங்கள் பெருகிய கதை சென்ற இதழோடு முடிந்தது. பிரான்ஸ் அதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்த நாடு. பிறரைப் புண்படுத்தும் சொற்களைத் தவிர்க்கச் சொல்லும் ‘அரசியல் சரித்தன்மை’ இனம் பற்றிய பேச்சுக்குத் துணையா, தடையா என்ற விவாதம் பிற நாடுகளில் பெரும்பாலும் தனி மனிதர் வாயில் வரும் சொற்களைப் பற்றியது. பிரான்ஸில் அது அரசின் படிவம்வரை போய்விட்டது. அதனால் அந்தக் கேள்விக்கு விடை தேட பிரான்ஸைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

பிரான்ஸின் தயக்கத்துக்கு வலுவான காரணம் உண்டு. 1940இல் ஜெர்மானியர் கைப்பற்றிய பகுதியில் யூதர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது. பாரிஸ் காவல்துறை அந்தப் பதிவுகளைப் பெயர், முகவரி, தொழில், குடியுரிமை எனத் தேடி எடுக்கும் வகையில் அட்டைகளாக அடுக்கியது. 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸிலும் சுற்றுப்புறங்களிலும் சுமார் 13,000 பேரை வீடு தேடிப் பிடித்தவர்கள் பிரெஞ்சுப் போலீஸார். அவர்களுக்கு முகவரி தந்தவை அந்த அட்டைகள். பிடிபட்டவர்களில் 4,000க்கும் மேற்பட்டோர் குழந்தைகள்.

அதே காலத்தில் நாட்டின் புள்ளிவிவரத் துறைக்குத் தலைமை தாங்கியவர் ரெனே கார்மிய் என்ற ராணுவ அதிகாரி. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் என்ற திட்டத்தை வகுத்தவர் அவர். ஒருநாள் படை திரட்ட அது உதவும் என்பது அவர் மறைத்துவைத்திருந்த எண்ணம். ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி ஆட்சியின்கீழ், அன்று பிரெஞ்சு வசமிருந்த அல்ஜீரியாவில் அந்த எண்ணின் முதல் இலக்கம் ஆணா பெண்ணா என்பதோடு ஐரோப்பியரா, முஸ்லிமா, யூதரா என்பதையும் காட்டும்படி வகுக்கப்பட்டது. யூதர் பற்றிய விவரங்களை கார்மிய் வேண்டுமென்றே தாமதப்படுத்தினார் என்று சில ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எந்த அளவுக்கு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எதிர்ப்பியக்கத்தோடு தொடர்புடையவர் என்று 1944இல் கைதான அவர் 1945 ஜனவரியில் டாஹவ் முகாமில் இறந்தார். அவர் வகுத்த எண்தான் இன்றைய பிரெஞ்சு சமூகப் பாதுகாப்பு எண். அதன் முதல் இலக்கம் இன்று ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்பதை மட்டுமே காட்டுகிறது.

இந்த அனுபவம் பின்னாளில் சட்டமாயிற்று. 1972ஆம் ஆண்டுச் சட்டம் இனவெறுப்பைத் தூண்டும் பேச்சையும் இன அடிப்படையில் வேலை மறுப்பதையும் குற்றமாக்கியது. 1978 ஜனவரி 6ஆம் தேதிச் சட்டம் ஒருவரின் இனத்தைக் காட்டும் தகவலைத் திரட்டுவதைத் தடை செய்தது. சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல், ஆய்வுக்கான அனுமதி போன்ற விதிவிலக்குகள் உண்டு. மீறினால் 5 ஆண்டு சிறையும் 3 லட்சம் யூரோ அபராதமும் வரை போகலாம். 2007 நவம்பர் 15 அன்று அரசியல் சட்ட மன்றம் எல்லைக்கோட்டைத் தெளிவாக வரைந்தது: ஆய்வாளர்கள் பிறந்த ஊர், பழைய குடியுரிமை, பெயர் போன்றவற்றைக் கேட்கலாம், இனத்தை அடிப்படையாகக் கொண்டு மக்களை வகைப்படுத்தக் கூடாது. அந்த ஆண்டுதான் ஒரு பெரிய தேசிய ஆய்வில் தோல் நிறம் பற்றிக் கேட்க இருந்த கேள்வியும் எதிர்ப்பால் கைவிடப்பட்டது.

எதிர்த்தவர்கள் யார் என்பது கவனிக்கத் தக்கது. இனவெறிக்கு எதிராகப் போராடும் எஸ்ஓஎஸ் ராசிஸ்ம் அமைப்பே ‘என் தோழனைப் பட்டியலில் சேர்க்காதே’ என்று இயக்கம் நடத்தியது. 2005இல் தொடங்கிய கறுப்பினச் சங்கங்களின் கூட்டமைப்பான கிரான், எண்ணாவிட்டால் எங்கள் துயரம் யார் கண்ணிலும் படாது என்று எதிர்ப்பக்கம் நின்றது. மக்கள்தொகை ஆய்வாளர்களில் எர்வே லெ பிரா தடைக்கு ஆதரவாகவும், பாட்ரிக் சிமோன் எதிராகவும் வாதாடினர். சமத்துவத்தை விரும்பியவர்களே இரண்டாகப் பிரிந்த விவாதம் இது.

படிவத்திலிருந்து இனம் போனதால் வேலை தருபவரின் மனத்திலிருந்தும் போய்விடவில்லை. 2004இல் ஜான்-பிரான்சுவா அமாதியூ என்ற பேராசிரியர் தகுதி ஒன்றாகவும் பெயர் வேறாகவும் உள்ள பயோடேட்டாக்களை விற்பனைப் பணிகளுக்கு அனுப்பிப் பார்த்தார். மொராக்கோப் பெயர் கொண்டவருக்கு வந்த நேர்காணல் அழைப்புகள், பிரெஞ்சுப் பெயர் கொண்டவருக்கு வந்தவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். 2005 இலையுதிர்காலத்தில், குடியேறிய குடும்பங்கள் மிகுந்த புறநகர்க் குடியிருப்புகளில் மூன்று வாரம் கலவரம் நீடித்தது. அடுத்த ஆண்டு வந்த சம வாய்ப்புச் சட்டம், 50க்கும் மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களில் பயோடேட்டாவிலிருந்து பெயரை நீக்கிவிட வேண்டும் என்றது. பெயர் தெரியாவிட்டால் பாகுபாடும் இராது என்பது நம்பிக்கை. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் அரசாணை வரவில்லை. முதலில் சோதித்துப் பார்ப்போம் என்றானது.

அந்தச் சோதனையை விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த விவாதத்தில் கருத்துகள் ஏராளம். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று அரிது. 2009 இறுதியிலிருந்து 2010 இறுதிவரை, பிரான்ஸின் அப்போதைய வேலைவாய்ப்பு அலுவலகமான போல் அம்ப்லுவா எட்டு மாவட்டங்களில் சுமார் 1000 நிறுவனங்களோடு அதை நடத்தியது. காலியிடங்கள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பாதிக்கு வழக்கமான பயோடேட்டா போனது. மறுபாதிக்குப் பெயர், முகவரி, பாலினம், வயது, குடியுரிமை, புகைப்படம் எல்லாம் நீக்கிய பயோடேட்டா போனது. லூக் பெகாகெல், புரூனோ கிரெபோன், தோமா லெ பார்பான்ஷோன் என்ற மூன்று பொருளியலாளர்கள் முடிவுகளை ஆராய்ந்தார்கள்.

முடிவு எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கியது. குடியேறிய குடும்பத்தினரும் பின்தங்கிய குடியிருப்புகளில் வாழ்பவரும் பெயரோடு விண்ணப்பித்தபோது, பத்தில் ஒருவர் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டார். பெயர் மறைத்தபோது அது இருபத்திரண்டில் ஒருவராகக் குறைந்தது. பாதுகாக்க வந்த ஏற்பாடு, யாரைப் பாதுகாக்க வந்ததோ அவருக்கே கதவை அடைத்தது.

ஆய்வாளர்கள் இரண்டு காரணங்களைச் சொன்னார்கள். ஒன்று, சோதனைக்கு வந்தவை விருப்பப்பட்டு வந்த நிறுவனங்கள். அவை ஏற்கெனவே சிறுபான்மையினருக்கு வாய்ப்பளிக்க முனைந்தவையாக இருக்கலாம், பாகுபாடு காட்டும் நிறுவனங்கள் வெளியிலேயே நின்றிருக்கலாம். இரண்டாவது காரணம் இந்தக் கட்டுரையின் பொருளுக்கு நெருக்கமானது. ஒருவரின் பயோடேட்டாவில் வேலையில்லாத இடைவெளி இருக்கிறது. அவர் பெயரையும் முகவரியையும் பார்த்தவர், அந்தப் பகுதியில் வேலை கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதை நினைத்து அந்த இடைவெளியைப் பொறுத்துக்கொள்கிறார். பெயரும் முகவரியும் இல்லாதபோது அது வெறும் குறையாக மட்டும் தெரிகிறது. அநீதியின் காரணத்தை மறைத்துவிட்டால், விளைவு அந்த மனிதரின் சொந்தத் தவறுபோல் நிற்கும்.

பெயர் மறைப்பால் நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆண் அதிகாரிகள் ஆண்களையே தேர்ந்தெடுக்கும் போக்கு அதனால் மறைந்தது. பாகுபாடு காட்டும் நிறுவனங்களையும் கட்டாயமாகச் சேர்த்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கவும் கூடும். 2014இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் அரசாணையை வெளியிடச் சொன்னது. 2015இல் வந்த புதிய சட்டம் பெயர் மறைப்பதை நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டது.

வீதியிலும் இதே சிக்கல்தான். பிரெஞ்சுப் போலீஸார் அடையாளச் சோதனை செய்யும்போது யாரை நிறுத்தினார்கள் என்பதற்கு இன வாரியான அரசுக் கணக்கு இல்லை. ஆகவே 2007, 2008 ஆண்டுகளில் ஆய்வாளர்கள் பாரிஸின் கார் டு நோர், ஷாத்லே ரயில் நிலையப் பகுதிகளில் நின்று கண்ணால் பார்த்து 525 சோதனைகளைக் குறித்துக்கொண்டார்கள். வெள்ளையரோடு ஒப்பிட்டால் கறுப்பினத்தவர் சுமார் 6 மடங்கும், அரபு வம்சாவளியினர் சுமார் 8 மடங்கும் அதிகமாக நிறுத்தப்பட்டார்கள். 2017இல் உரிமைகள் காப்பாளர் அலுவலகம் வெளியிட்ட ஆய்வு, பிறர் கண்ணுக்குக் கறுப்பினத்தவராக அல்லது அரபியராகத் தெரியும் இளைஞர்கள் சோதிக்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 20 மடங்கு என்றது. ‘எந்த இனம்’ என்று கேட்காமல் ‘பிறர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறீர்கள்’ என்று கேட்டது அந்த ஆய்வு. மனிதரை வகை பிரிக்காமலே பாகுபாட்டை அளக்க அது ஒரு வழி.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ‘அரசியல் சரித்தன்மை’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறு செயல்கள் நடப்பது புலப்படும். இழிசொல்லைத் தடுப்பது முதலாவது. இழிவுபடுத்தப்படுபவர் விவாதத்தில் சமமாக உட்கார அது அவசியம். தனி மனிதரின் பெயரோடு இனத்தைச் சேர்த்து அரசு பட்டியல் வைக்காமல் தடுப்பது இரண்டாவது. 1942 ஜூலையை அறிந்தவர் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார். பாகுபாட்டை அளந்து பேசத் தேவையான சொல்லையும் எண்ணையும் சேர்த்தே விலக்குவது மூன்றாவது. தீங்கு அங்கேதான் தொடங்குகிறது. அடிபட்டவர் ‘என் நிறத்துக்காக அடிபட்டேன்’ என்று நிறுவ வழியில்லாமல் போகிறது. அடித்தவருக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. பெயர் குறிக்காத, ஒப்புதலோடு திரட்டிய, ஆய்வுக்கு மட்டுமே பயன்படும் எண்ணிக்கை முதல் இரண்டையும் குலைக்காது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் பெற்றோரின் பிறந்த நாட்டைக் கேட்டு ஓரளவு இதைச் செய்துவருகிறார்கள்.

பிறந்த நாட்டைக் கேட்டாலும் பிடிபடாத மக்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக, பிரான்ஸுக்கு உரிய ரீயூனியன் தீவுக்குப் போன தமிழரின் வழிவந்தவர்கள் அங்கே ‘மல்பார்’ எனப்படுகிறார்கள். அவர்களும் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் பிறந்தது பிரெஞ்சு மண்ணில். ஆகவே அவர்கள் எத்தனை பேர் என்பதற்கு மதிப்பீடுகள் மட்டுமே உண்டு. கணக்கெடுப்பு எண் இல்லை. அவர்கள் வரலாறு அடுத்த இதழில் வரும்.