படைவீரரின் படத்தொகுப்பு

1939 முதல் 1945 வரை நடைபெற்ற இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானியச் சேனையிற் சேர்ந்து கடல் கடந்தவர்களுள் இலங்கையரும் உளர். உணவையும் எரிபொருளையும் லொறிகளிற் கொண்டுசென்று படைகளுக்கு வழங்கிய சேவைப் பிரிவிலே அமர்ந்து, மத்திய கிழக்கிலும் வட ஆபிரிக்காவிலும் அவர்களுட் பலர் பணியாற்றினர். அத்தகையோர் கொண்டுவந்த படத்தொகுப்பு உங்கள் வீட்டு அலுமாரியிலும் இருக்கக்கூடும்.

கறுப்புத் தாள்களிலே மூலைப்பிடிகளுக்குள் செருகிய சிறு படங்கள்: பிரமிட்டின் முன்னே ஓர் ஒட்டகம், லொறியருகே நால்வர், கெய்ரோ நகரில் எடுத்த உருவப்படம். இவற்றைக் காணும் பேரப்பிள்ளை, “அப்பப்பா சுற்றுலாவுக்கா போனார்?” என்று கேட்டால் வியப்பதற்கில்லை. படைநிலைகளையும் தளவாடங்களையும் படம்பிடிக்கத் தடையிருந்தது. கடிதங்களும் தணிக்கை செய்யப்பட்டன. ஆதலின் தொகுப்பிலே எஞ்சியவை பெரும்பாலும் ஓய்வு நாட்களே. எஞ்சாதவற்றை மனிதர்தாம் சொல்லவேண்டும்.

1945இல் இருபது வயதினராய் இருந்தவர் 2025இல் நூறு வயதினர். அவர் சொல்லக் கேட்ட மக்களும் இன்று முதியோராயினர். அவர்களோடு அமர்ந்து, படத்திலுள்ளோர் யார், எவ்வூரார் என்று கேட்டு எழுதிவைத்தலே முதற் கடமை.

பக்கங்களின் ஒழுங்கைக் கலைத்தல் ஆகாது; அவர் சென்ற வழியை அவ்வொழுங்கே காட்டக்கூடும். கைத்தொலைபேசியினாலேனும் முதலிற் பக்கம் முழுவதையும், பின்னர் ஒவ்வொரு படத்தையும் படியெடுங்கள். ஒட்டிய படத்தைப் பிடுங்காதீர்கள். தானாகக் கழன்று வருவதாயின் பின்புறத்தைப் பாருங்கள். நாளோ, ஊரோ, படம்பிடித்த நிலையத்தின் முத்திரையோ அங்கு இருக்கலாம். தொப்பிச் சின்னத்தையும் தோட்பட்டை எழுத்துகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் படைப்பிரிவை அறிய வழி பிறக்கும். பெயர்களைப் பின்புற ஓரத்திலே மென்மையான பென்சிலால் எழுதுங்கள்; மை ஊறிப் படத்தைக் கெடுக்கும்.

உறவினர் கேட்டால் படங்களைக் கழற்றிப் பங்கிடாதீர்கள். அவ்வாறு செய்தால் ஆளுக்கொரு படம் கிடைக்கும். வரலாறு ஒருவருக்கும் கிடையாது. மூலத்தை ஓரிடத்தில் வைத்துப் படிகளை யாவர்க்கும் வழங்குங்கள்.

லொறியருகே நிற்கும் நால்வருள் மூவர் வேறு வீட்டார். அவர்களுள் ஒருவர் திரும்பாமலே போயிருக்கலாம். அவர் சீருடையில் நின்ற தோற்றத்தை அவர் வீட்டார் ஒருமுறையேனும் கண்டிராதிருக்கலாம். பெயர் தெரிந்தால் அவ்வீட்டைத் தேடி ஒரு படியை அனுப்புங்கள். அது அவர்களுக்கும் உரியது.