என் வளையல் தப்பித்தது!



திண்டிவனத்தில் வசிக்கும் இல்லத்தரசி நான். என் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. என்னவர் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறார். எங்கள் மூத்த பெண் 2024-ல் பிளஸ் டூ முடித்தபோது நடந்ததை எழுதுகிறேன். என்னைப் போன்ற ஒரு தாய்க்காவது இது உதவினால் போதும்.

பெண்ணுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் தான் படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கணக்கில் 86, இயற்பியலில் 78, வேதியியலில் 82 மார்க் வாங்கியிருந்தாள். மார்க் வந்த அன்று சாயங்காலமே போன் வர ஆரம்பித்து விட்டது. எங்கள் நம்பர் எப்படிக் கிடைத்ததோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்! சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியாம். "கம்ப்யூட்டர் சயின்ஸ்ல நாலே சீட் தாம்மா பாக்கி. நாளைக்கே முப்பதாயிரம் கட்டி, ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துடுங்க. கவுன்சிலிங் போனா இந்த மார்க்குக்கு இந்தக் குரூப் கிடைக்கவே கிடைக்காது" என்றார் அந்த ஆள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் நாத்தனாரோ, "பொண்ணு வாழ்க்கை பெருசா, வளையல் பெருசா அண்ணி?" என்று கேட்டு விட்டாள். அம்மா போட்ட இரண்டு வளையலைக் கழற்றி மஞ்சள் பையில் வைத்தேன். காலையில் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு, அப்படியே அடகுக் கடைக்குப் போவதாக ஏற்பாடு.

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், "எங்கேம்மா சேர்க்கப் போறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்க பொண்ணு ஆறாம் வகுப்பிலேயிருந்து கவர்மென்ட் ஸ்கூல்தானே? 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கே, தெரியாதா?" என்றார்.

உண்மையிலேயே எனக்குத் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு, 2021 முதல் பொறியியல் படிப்பிலும் இந்த ஒதுக்கீடு உண்டாம். இதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசாங்கமே கட்டி விடுமாம். தனியார் கல்லூரியில் கிடைத்தாலும் அப்படித்தான். ஆனால் கவுன்சிலிங் மூலமாகச் சேர வேண்டும். நேரே போய் மேனேஜ்மென்ட் சீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது! போனில் பேசியவர் இதை மட்டும் சொல்லவே இல்லை, பார்த்தீர்களா?

டீச்சர் ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு மார்க் அப்படியே. இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. 86, 39, 41 என்று கூட்டினால், 200-க்கு 166 கட்-ஆப். "இதுக்கா பயப்படறீங்க? விழுப்புரம் காகுப்பத்திலேயும் நம்ம திண்டிவனத்திலேயும் அண்ணா பல்கலைக்கழகத்தோட சொந்தக் கல்லூரியே 2008-லிருந்து இருக்கே!" என்றார். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது இன்னொரு தப்பு செய்யப் பார்த்தோம். நிச்சயமாகக் கிடைக்கிற கல்லூரியை முதலில் போடு என்றார் என்னவர். "கூடவே கூடாது. கம்ப்யூட்டர் மேலிருந்துதான் பார்த்துக்கிட்டு வரும். எது ரொம்பப் பிடிக்குமோ அதுதான் முதல்லே. பயந்துக்கிட்டு கீழே போட்டா, நல்லது கிடைக்கிறதா இருந்தாலும் போயிடும்" என்றார் டீச்சர். திண்டிவனம் முதலாவது, விழுப்புரம் இரண்டாவது, பிறகு மற்றவை என்று போட்டோம். ஒவ்வொரு கல்லூரியின் தேர்ச்சி சதவீதத்தையும் என் பெண்ணே பார்த்துக் குறித்து வைத்தாள்.

விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது! தினமும் ரயிலில் போய் வருகிறாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் ஏறுகிறது. சீசன் டிக்கெட்டுக்கும் ஜெராக்சுக்கும் அப்பாவிடம் கை நீட்டுவதில்லை. என் வளையல் என் கையிலேயே இருக்கிறது.

தோழிகளே, போனில் யார் அவசரப்படுத்தினாலும் முதலில் பள்ளிக்கூடத்து ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் விட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பதுதான் விதி. பொறியியல் கிடைக்காவிட்டாலும் மனம் உடைய வேண்டாம். அரசு கலைக் கல்லூரியில் மூன்று வருஷம் பி.எஸ்சி., அதற்கு மேல் இரண்டு வருஷம் எம்.சி.ஏ. என்று அதே கம்ப்யூட்டர் படிப்புக்கு இன்னொரு வழியும் இருக்கிறது.

படிக்காத அம்மாவாக இருக்கலாம், தப்பில்லை. கேட்காத அம்மாவாக மட்டும் இருந்து விடாதீர்கள்!

- ஒரு வாசகி, திண்டிவனம்.