நாளைய நஷ்டத்திற்கு இன்றைய விலை என்ன?

நம் சங்க அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரிகளில் பொருளியல் பயின்று வருகின்றனர். அவர்களுள் சிலர், ‘காலநிலை மாற்றத்தின் பொருளியல்’ என்றொரு பாடம் உண்டென்று வீட்டில் வந்து சொல்ல, “மழைக்கும் வெயிலுக்கும் கணக்கு எதற்கு?” என்று பெரியவர்கள் கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு இயன்ற அளவில் விடை கூற முற்படுகிறோம்.

இப்பாடத்தைப் பயில வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. 1982இல் நிறுவப்பெற்ற பாரதிதாசன் பல்கலைக் கழகத்தில் பொருளியல் துறை உண்டு. நாவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரியில் பயில்வோர் வேளாண் பொருளியலையும் ஒரு பாடமாகக் கற்கின்றனர். இதிலேயே மேலும் ஆழ்ந்து செல்ல விரும்புவோருக்குச் சென்னையில் 1993இல் தோன்றிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது.

முதற் பாடம், பிறர் தலையில் விழும் செலவைப் பற்றியது. ஆங்கிலப் பொருளியலார் பிகு என்பவர் 1920இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். நமக்கு நொய்யலாறே போதிய விளக்கமாகும். திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலில் கலந்து, 1992இல் திறக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அணைக்குக் கீழே பயிரிட்டவர்களின் நிலமும் கிணறும் கெட்டன. விற்பனையான பனியனின் விலையில் நூலின் கிரயம் இருந்தது, சாயத்தின் கிரயம் இருந்தது. கெட்டுப்போன கிணற்றின் கிரயம் மட்டும் இல்லை. 2011இல் சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதி மன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. நிலக்கரிப் புகையும் இத்தகையதே. எரிப்பவன் ஓரிடம், வெள்ளத்தில் நிற்பவன் மற்றோரிடம். நொய்யல் வழக்கிலேனும் இரு தரப்பினரும் ஒரே மாநிலத்தவர்; புகை வழக்கிலோ வாதியில் பெரும்பாலோர் இன்னும் பிறக்கவேயில்லை.

பிறவாதவர்களின் நஷ்டத்தை எவ்வாறு மதிப்பது? இதுவே இரண்டாவது பாடம், கடினமானதும் இதுவே. முக்கொம்பை எண்ணிப் பாருங்கள். திருவரங்கத் தீவின் மேற்கு முனையில், கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் ஆர்தர் காட்டன் மேலணையை எழுப்பினார். தாழ்வான கொள்ளிடத்தில் ஓடிவிடும் நீரைக் காவிரிக்குத் திருப்புவதே அதன் நோக்கம். 2018 ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு, வெள்ளம் பெருகிச் சென்றபோது, அதன் 45 மதகுகளில் 9 இடிந்து வீழ்ந்தன. பழமையா, வெள்ளத்தின் வேகமா, மணல் எடுத்ததா என்று காரணம்பற்றிப் பலவகை வாதங்கள் எழுந்தன. புதிய கதவணைக்குச் சுமார் 387 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது. முன்கூட்டியே செலவு செய்து பலப்படுத்தியிருக்கலாமே என்று சொல்வது எளிது. இன்னும் பல ஆண்டு கழித்து நேரக்கூடிய நஷ்டத்தைத் தடுக்க இன்று எத்தனை ரூபாய் செலவிடலாம் என்று கேட்டால்தான் விழிக்க நேரிடும்.

இங்கே வட்டிக் கணக்கு வருகிறது. நூறாண்டு கழித்து நேரவிருக்கும் 100 ரூபாய் நஷ்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1.4 சதவீதக் கூட்டு வட்டியில் இன்று 25 ரூபாய் போட்டு வைத்தால், அது நூறாண்டில் 100 ரூபாயாகும். ஆகவே அந்த நஷ்டத்தின் இன்றைய மதிப்பு 25 ரூபாய். வட்டியை 5 சதவீதமாக உயர்த்தினால் இன்றைய மதிப்பு 76 காசாகச் சுருங்கிவிடும்! நஷ்டம் ஒன்றே, வெள்ளம் ஒன்றே. விகிதம் மாறியதும், உடனே அணை கட்ட வேண்டியது கட்டவே வேண்டாததாகி விடுகிறது.

இவ்விகிதம்பற்றியே உலகப் பொருளியலார் இரு கட்சியாயினர். பிரிட்டிஷ் அரசினருக்காக 2006இல் அறிக்கை அளித்த நிக்கலஸ் ஸ்டெர்ன், ஏறத்தாழ 1.4 சதவீதத்தை வைத்துக் கணக்கிட்டு, உடனடியாகப் பெருஞ்செலவு செய்க என்றார். அமெரிக்கரான வில்லியம் நார்ட்ஹவுஸ், சந்தையில் முதலீடு ஈட்டும் விகிதத்தையே ஒட்டிக் கணிக்க வேண்டுமென்றும், படிப்படியாகச் செல்லலாமென்றும் வாதித்தார். முக்கொம்பு உடைந்த அதே 2018இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. நாம் ஸ்டெர்ன் பக்கமே சாய்கிறோம். கடன்பட்டு வாழை வைத்தவன் அடுத்த தவணைக்கு மேல் எண்ண இயலாதிருப்பது அவனுடைய நெருக்கடி. பேரப்பிள்ளைகளின் வயலைக் குறைத்து மதிப்பது அவனது விருப்பமன்று. அந்த நெருக்கடியைச் சந்தை விகிதமாகக் கொண்டு ஆற்றின் எதிர்காலத்தைக் கணிப்பது முறையாகாது.

ஸ்டெர்ன் வெறும் ஏட்டுக் கணக்கர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1974–75இல் அவர் உத்தரப் பிரதேசத்துப் பாலன்பூர்க் கிராமத்தில் தங்கி, குடியானவர்களின் கோதுமைச் சாகுபடியை வயல் வயலாகக் கணக்கெடுத்தவர். நம் மாகாணத்தில் இவ்வழி அதனினும் பழமையானது. சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களை ஆராயச் செய்தார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி முதலிய ஊர்களின் விவரம் 1918இல் நூலாயிற்று. தாமஸ், இராமகிருஷ்ணன் இருவரும் அவ்வூர்களை மறுபடி ஆராய்ந்து 1940இல் வெளியிட்டனர். ஓர் ஊரின் கணக்கு இவ்வாறு தலைமுறைதோறும் தொடர்ந்து இருந்தாலன்றி, மழை மாறியதால் வந்த நஷ்டம் எது, விலை சரிந்ததால் வந்தது எது என்று பிரித்தறிய முடியாது.

கணக்கில் ஏறாத நஷ்டமோ ஏராளம். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தினும் சுமார் 62 சதவீதம் குறைந்தது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியதும் அவ்வாண்டே. அதன் விதிப்படி சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதமும், வாழை போன்ற தோட்டப் பயிருக்கு 5 சதவீதம் வரையும் உழவர் செலுத்தினர். நெல்லுக்கு இழப்பீடு, அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி விளைச்சலை அறுவடைச் சோதனையால் கண்டு தீர்மானிக்கப்படுகிறது. கடைமடையில் ஒருவர் வயலுக்கு நீர் எட்டாமற் போயினும், பகுதியின் சராசரி குன்றாவிடில் அவருக்கு ஒன்றுமில்லை.

நெசவாளர் நிலை இதனினும் வேறு. உறையூரில் அடைமழை பிடித்தால் குழித்தறியில் நீர் ஊறும். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்த வழியில்லை. தறி நிற்கும், கூலியும் நிற்கும். வீழ்ந்த வாழையையாவது அதிகாரி வந்து எண்ணிச் செல்வார். நெய்யாத சேலையை யார் எண்ணுவது?

அதை எண்ணத்தக்க ஏடு நம் சங்க அலுவலகங்களில்தான் இருக்கிறது. நூல் வழங்கு பதிவேட்டிலும் கூலிப் பட்டுவாடாப் பதிவேட்டிலும் தறி நின்ற வாரங்கள் தெரியும். கடன் சங்கத்தின் தவணை கடந்த பாக்கிகளில் வறண்ட ஆண்டும் வெள்ள ஆண்டும் தெரியும். பழைய ஏடுகளைக் கரையானுக்கும் காகிதக் கடைக்கும் கொடுத்துவிட்ட சங்கங்கள் உண்டு. இருப்பவற்றையேனும் காக்க வேண்டும். மாணவரோ மாணவியோ பேராசிரியரின் கடிதத்துடன் வந்து கேட்டால், நிர்வாகக் குழுவின் அனுமதி பெற்று, அங்கத்தினர் பெயர்களை மறைத்து, தேதிகளையும் தொகைகளையும் எடுத்தெழுத இடம் கொடுக்கலாம். எழுதி முடித்ததன் பிரதி ஒன்றைச் சங்கத்திற்கு அளிக்க வேண்டுமென்று முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்வது நலம்.