பழவேற்காடு ஏரியில் இப்போது இருப்பது கடல்நீரா, ஆற்றுநீரா? கிச்சன் தராசு சொல்லும் பதில்!

இரண்டு கண்ணாடி பாட்டில்கள். ஒன்றில் வீட்டு ஆர்.ஓ. தண்ணீர். இன்னொன்றில் பழவேற்காடு முகத்துவாரத்தில் பிடித்த தண்ணீர். மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எது எதுன்னு சொல்வது கஷ்டம். ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும்தான். ஆனால், கெமிஸ்ட்ரி லேபில் சொல்லித்தரும் முதல் விதியே 'எதையும் ருசி பார்க்காதே' என்பது. நாக்கைத் தொடாமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: எடை போட்டுப் பார்ப்பது.

பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்த அதே சூத்திரம்தான். நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி. பரீட்சை முடிந்ததும் மறந்துபோன இந்த ஒற்றை வரிக்கு, பழவேற்காட்டில் வருமானம் சம்பந்தப்பட்ட ஒரு வேலை இருக்கிறது.

ஏரியா, கடலா?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், தமிழகத்திலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆரணியாறும் காலங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாக வங்கக் கடல் உள்ளே வருகிறது. சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான் என்பதால் இரண்டில் எது கை ஓங்கினாலும் ஏரியின் குணமே மாறிவிடும். மழைக்காலத்தில் உப்புத்தன்மை கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கும். கொளுத்தும் வெயிலில் நீர் ஆவியாகி, ஒரு கிலோ தண்ணீரில் 52 கிராம் உப்பு வரை ஏறும். கடலிலேயே சுமார் 35 கிராம்தான்!

இதில் மீனவர்களுக்கு என்ன? வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடும். அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். அந்தப் பாதையில்தான் வலை காத்திருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் யார், எந்த நாளில் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' வழக்கம் இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் குஞ்சு உள்ளே வராது, படகு வெளியே போகாது. நேர்க்கல் சுவர் கட்டி முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்று இந்தக் குப்பங்கள் பல வருடங்களாகக் கேட்டது இதனால்தான். ஆக, 'கடல் உள்ளே வருதா?' என்பது இங்கே அன்றாடக் கேள்வி.

26 கிராம் வித்தியாசம்

30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 996 கிராம். அதே அளவு கடல்நீர் சுமார் 1,022 கிராம். கோடையில் உப்பு 50 ஆக ஏறிய ஏரி நீர் என்றால் 1,033-ஐ நெருங்கும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கிச்சன் தராசு ஒரு கிராம் வித்தியாசத்தைக் காட்டும். இந்த வேலைக்கு அது தாராளம்.

செய்முறையும் சிம்பிள். ஒரு கண்ணாடி பாட்டிலை ஆர்.ஓ. தண்ணீரால் வழிய வழிய நிரப்பி, வெளிப்பக்கம் துடைத்து எடை போடுங்கள். அதே பாட்டிலைக் காலி செய்து, ஏரி நீரால் அதேபோல நிரப்பி எடை போடுங்கள். இரண்டிலும் காலி பாட்டிலின் எடையைக் கழித்துவிடுங்கள். ஆர்.ஓ. நீர் 1,000 கிராம், ஏரி நீர் 1,012 கிராம் என்று வந்தால் வித்தியாசம் 12. அதை 0.75-ஆல் வகுத்தால் 16. கிலோவுக்குச் சுமார் 16 கிராம் உப்பு. ஆறும் கடலும் பாதிக்குப் பாதி கலந்த தண்ணீர். 'ஒப்படர்த்தி' என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். பாட்டிலின் சரியான கொள்ளளவு தெரியாவிட்டாலும் பிரச்சினை இல்லை, இரண்டு முறையும் ஒரே பாட்டில் என்பதுதான் முக்கியம். பிளாஸ்டிக் வேண்டாம், கையில் அழுத்தினாலே அதன் பருமன் மாறிவிடும்.

இரண்டு தண்ணீரும் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த ஆர்.ஓ. தண்ணீரோடு வெயிலில் கிடந்த ஏரி நீரை ஒப்பிட்டால் கணக்கு கோவிந்தா. 25 டிகிரியில் இருந்து 30 டிகிரிக்குச் சூடானாலே லிட்டருக்கு ஒன்றரை கிராம் குறையும். உப்புக் கணக்கில் அது சுமார் 2 கிராம் பிழை.

எடை சரி, அது உப்புதான்னு எப்படித் தெரியும்?

நியாயமான சந்தேகம். 12 கிராம் கூடுதல் என்று மட்டும்தான் தராசு சொல்லும். அது உப்பா, சர்க்கரையா, சேறா என்று சொல்லாது. அடர்த்தியை வைத்துப் பொருளை அடையாளம் காண்பதில் உள்ள பெரிய ஓட்டை இதுதான். பால்மானியை ஏமாற்றுபவர்கள் தண்ணீர் கலந்து குறைந்த அடர்த்தியைச் சர்க்கரை போட்டு ஏற்றிவிடுகிறார்கள். தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். டங்ஸ்டன் 19.25. உள்ளே டங்ஸ்டன் வைத்து மேலே தங்கம் பூசிய கட்டியைத் தண்ணீரில் மூழ்கவைத்துக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

அப்படியென்றால் கடல்நீரில் மட்டும் இந்த முறையை எப்படி நம்புவது? பதில் ஒரு கப்பலில் இருக்கிறது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய பிரிட்டனின் 'சேலஞ்சர்' ஆய்வுக் கப்பலில், ஜான் யங் புக்கானன் என்ற வேதியியலாளர் போகும் இடமெல்லாம் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுக் கடல்நீரின் அடர்த்தியைக் குறித்துக்கொண்டே போனார். அந்தப் பயணத்தில் கிடைத்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மர் ஆராய்ந்து 1884-இல் முடிவை வெளியிட்டார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினாலும், அதற்குள் சோடியம், குளோரைடு, மெக்னீசியம் போன்றவை இருக்கும் விகிதம் திறந்த கடலில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அதனால் அடர்த்தி என்ற ஒற்றை எண்ணை வைத்தே உப்பைக் கணக்கிடலாம். 'சந்தேக நபர்கள்' யார் யார் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அடர்த்தி நல்ல சாட்சி.

பழவேற்காட்டில் சந்தேக நபர் இன்னொருவரும் உண்டு. மழை வெள்ளம் கொண்டுவரும் வண்டல். ஒரு லிட்டரில் 2 கிராம் மண் மிதந்தால் எடை சுமார் 1.2 கிராம் கூடும். உப்பே இல்லாத தண்ணீருக்கு 1.6 கிராம் உப்புப் பட்டம் கிடைத்துவிடும். கலங்கல் தண்ணீரை ஒரு ராத்திரி அசையாமல் தெளியவிட்டு, மேலாக எடுத்து எடை போடுவது நல்லது.

உப்பளத்தில் 25 டிகிரி

இதே வித்தையை வைத்து முழுத் தொழிலே நடக்கிறது. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் உப்பளங்களில் பாத்தி நீரில் ஹைட்ரோமீட்டரை விட்டு 'டிகிரி' பார்ப்பார்கள். இது வெப்ப டிகிரி இல்லை. பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் போமே 1768-இல் உருவாக்கிய அடர்த்தி அளவு. 25-க்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும். 25-ஐத் தொட்டால், அதாவது லிட்டர் 1.21 கிலோவை நெருங்கினால், சமையல் உப்பு படியத் தொடங்கும். 29, 30 என்று ஏறவிட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். அதற்கு முன்பே மிச்ச நீரை வெளியேற்றிவிடுவார்கள். அடுத்து படியப்போவது யார் என்பதை எண்ணே சொல்லிவிடுகிறது.

வீட்டில் ஹைட்ரோமீட்டர் இல்லையா? முட்டை இருக்கிறதே! விதை நெல்லில் பதரைப் பிரிக்க, புது முட்டை மிதக்கும் வரை தண்ணீரில் உப்பைக் கரைக்கும் பழக்கம் தமிழக விவசாயிகளிடம் உண்டு. ஆனால், பழவேற்காட்டின் உச்சகட்டக் கோடை நீரில்கூடப் புது முட்டை மூழ்கித்தான் போகும். ஏரி ஆராய்ச்சிக்குத் தராசே பெட்டர்.

மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில்

கனமான கடல்நீர் அடியில் நுழையும், லேசான ஆற்றுநீர் அதன்மேல் மிதந்து வெளியேறும். முகத்துவாரத்தில் மேல்மட்ட நீரை மட்டும் பார்த்துவிட்டு 'கடல் வரலை' என்று முடிவுகட்டினால் தப்பாகலாம். கார்க் போட்ட காலி பாட்டிலில் கல்லைக் கட்டி அடிக்கு இறக்கி, கார்க்கில் கட்டிய இன்னொரு கயிற்றைச் சுண்டினால் அடிநீர் நிரம்பிவிடும். அதையும் மேல்நீரையும் எடை போட வேண்டும். அடிநீர் பத்து, பதினைந்து கிராம் கூடுதலாக இருந்தால் கீழே கடல்நீர் கிடக்கிறது. இரண்டும் ஒரே எடை என்றால் ஒன்று காற்று ஏரியைக் கலக்கிவிட்டிருக்கிறது, இல்லையென்றால் ஆறோ கடலோ ஏதோ ஒன்று மட்டும்தான் அங்கே இருக்கிறது. காற்று அடங்கிய காலையில், ஏற்றம் ஏறும் நேரத்தில் இன்னொரு முறை பாட்டிலை இறக்கிப் பார்க்க வேண்டியதுதான்.