நாடியும் நோட்சும்

பரீட்சை என்றதும் நம் பிள்ளைகள் முதலில் தேடுவது நோட்ஸ்தான்! தேகப் பயிற்சியின்போது இருதயமும் தசைகளும் எப்படி வேலை செய்கின்றன என்று கூறும் உடற்பயிற்சி உடலியல் பரீட்சையும் இதற்கு விலக்கல்ல.

இதில் தேறியவர்களுக்கு அத்தாட்சி தரும் அமைப்புகளில் பிரபலமானது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி. பெயர்தான் கல்லூரி, உண்மையில் 1954-ல் தோன்றிய சங்கம். 1975-ல் அது முதன்முதலாக வெளியிட்டு, பலமுறை திருத்திய வழிகாட்டி நூலே பரீட்சைக்கு மூலம். அதைச் சுருக்கிய நோட்சுகள் ஏராளம்.

நோட்ஸ் சொல்லும்: "220-ல் வயதைக் கழி, நாடித் துடிப்பின் உச்சம் கிடைக்கும்." 60 வயதானால் 160. கணக்கு சரி!

மதுரை விளாங்குடியில் 60 வயதுப் பெரியவர் ஒருவர் பயிற்சி கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தக் கொதிப்புக்கு அவர் 'பீட்டா பிளாக்கர்' மாத்திரை சாப்பிடுகிறவர். எவ்வளவு வேகமாக நடந்தாலும் நாடி அந்தக் கணக்குப்படி ஏறாது. மாத்திரை அதை அடக்கி வைத்திருக்கும். "இன்னும் வேகம்!" என்று விரட்டினால் ஆபத்து யாருக்கு?

அங்கே கைகொடுப்பது, ஸ்வீடன் நாட்டு குன்னார் போர்க் வகுத்த அளவு. "எவ்வளவு சிரமமாக இருக்கிறது?" என்று கேட்டு, 6 முதல் 20-க்குள் ஓர் எண் சொல்லச் செய்வார்கள். 12, 13 என்றால் மிதமான உழைப்பு. டாக்டரின் யோசனையும் அவசியம்.

ஆகவே மாணவர்களே, மூல நூலை முதலில் படியுங்கள். நோட்சைக் கொண்டு உங்களை நீங்களே சோதியுங்கள். விடை தவறினால், "ஏன்?" என்று மூல நூலைப் புரட்டுங்கள்.

பரீட்சையில் தவறினால் மார்க் போகும். பயிற்சியில் தவறினால் உயிரே போகலாம்!