ஏசி-யில் 'கேஸ் தீர்ந்துடுச்சு' என்கிறாரா மெக்கானிக்? பணம் கொடுக்கும் முன் இதைக் கேளுங்க!

"சார், கேஸ் தீர்ந்துடுச்சு. ஃபில் பண்ணணும்." கோடையில் கூலிங் குறைந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டால், பல வீடுகளில் கேட்கும் பதில் இதுதான். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்த பிறகும், சில வாரங்களில் மறுபடியும் சூடான காற்றுதான் வருகிறது. ஏன் இப்படி?

ஏசி கேஸ் தானாகத் தீருமா?

தீராது. சமையல் சிலிண்டர் மாதிரி இது எரிந்து காலியாவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. அளவு குறைந்தால் எங்கோ லீக் என்று அர்த்தம். அதை அடைக்காமல் கேஸ் நிரப்புவது, பஞ்சரான டயருக்குக் காற்று அடிப்பது போலத்தான்.

கூலிங் குறைய வேறு காரணங்களும் உண்டு. ஃபில்டரில் தூசி, அவுட்டோர் யூனிட்டில் அழுக்கு, கெப்பாசிட்டர் கோளாறு... இதையெல்லாம் பார்க்காமலேயே 'கேஸ் இல்லை' என்று சொன்னால் உஷாராகுங்கள்.

கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. லீக் எங்கே? நைட்ரஜன் செலுத்தி, சோப்பு நுரை தடவிப் பார்த்தால் கசியும் இடத்தில் குமிழி வரும். அதைக் காட்டச் சொல்லுங்க.

2. வேக்கம் போட்டீங்களா? லீக்கைச் சரிசெய்ததும், குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து வெளியேற்றிய பிறகே கேஸ் ஏற்ற வேண்டும்.

3. என்ன கேஸ், எத்தனை கிராம்? அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரில் இரண்டுமே இருக்கும். புது ஏசி-கள் பலவற்றில் உள்ள ஆர்-32 தீப்பற்றக்கூடியது. அரைகுறையாகத் தெரிந்தவர் கை வைத்தால் ஆபத்து.

4. பில் எங்கே? செய்த வேலை, மாற்றிய பார்ட், சர்வீஸ் வாரண்டி மூன்றையும் எழுதி வாங்குங்க. மாற்றிய பழைய பார்ட்டையும் கேளுங்க.

கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடி, முதலில் வருவதற்கு போன் போடாதீங்க. போலி நம்பர்கள் நிறைய. வாரண்டி கார்டில் இருப்பதே பாதுகாப்பு. ஓடிபி கேட்டாலோ, ஏதாவது ஆப் டவுன்லோடு பண்ணச் சொன்னாலோ போனை வைத்துவிடுங்கள்.

காசும் போச்சு, ஏசி-யும் ஓடலையா?

முதலில் சர்வீஸ் சென்டரில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம்.

அதிலும் தீர்வு இல்லையென்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் இது 'சேவைக் குறைபாடு'. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை.

ஆனால், அங்கே பேசப்போவது உங்கள் கையில் இருக்கும் பில்தான். 'பில் வேணாம்னா 200 ரூபாய் குறைச்சுக்கலாம்' என்று சொன்னால், சம்மதிக்காதீங்க!